எத்தனை ரொட்டி வேண்டும்?



விருந்தினரிடம் கேட்கத் தகாத கேள்வி ஒன்று உண்டென்றால் அது "எத்தனை இட்லி சாப்பிடுவீர்கள்?" என்பதே எனக் கற்பிக்கப்பட்டு வளர்ந்தவர்கள் நாம். இலையில் இடுவதை எண்ணலாகாது. "போதும்" என்று கைமறித்த பின்னும் ஒன்றை வைப்பதே விருந்தோம்பல் என்பது நம் இல்லங்களின் எழுதாச் சட்டம். அந்தக் கேள்வியை, எழுபது வயதைக் கடந்த பின்னர், 7,000 கிலோமீட்டருக்கு அப்பால், ஐம்பதாண்டு கால நண்பர் ஒருவரின் வாயிலிருந்தே நாங்கள் கேட்க நேர்ந்தது. அதனால் எங்கள் மனம் புண்பட்டதையும், அப்புண் ஆறிய விதத்தையும் இம்மாதம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959ஆம் ஆண்டு அன்றைய மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பெற்றதை வாசகர்களுள் பலர் அறிவர். அங்குள்ள பட்டறையில் பயிற்சி அளிப்பதற்காக 1971இல் வந்த இளைஞர் எங்கள் நண்பர். புதுமணத் துணைவியோடு ஈராண்டு காலம் சென்னையில் வாழ்ந்தார். எங்களுள் ஒருவர் அதே பட்டறையில் அவரோடு பணியாற்றியவர். அவர்கள் தாயகம் திரும்பிய பின்னரும் ஆண்டு தவறாமல் கிறிஸ்து பிறப்புத் திருநாளையொட்டிக் கடிதம் வரும்; நாங்களும் எழுதுவோம். "நாம் நால்வரும் உயிரோடிருக்கும்போதே ஒருமுறை வந்து செல்லுங்கள்" என்று அவர் எழுதிய கடிதமே எங்களைப் பயணப்பட வைத்தது. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 20 முதல் இரு வாரங்கள், அந்நாட்டின் வடமேற்கில் மியூன்ஸ்டர் நகரையடுத்த ஒரு சிற்றூரில், கணவன் மனைவியாகிய நாங்கள் இருவரும் அவர்கள் இல்லத்தில் தங்கியிருந்தோம்.

இரயில் நிலையத்தில் எங்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்துக்கு நேரே நண்பர் நின்றிருந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. ஆயினும் எங்களைக் கண்டதும், "சாப்பிட்டாச்சா?" என்று தமிழிலேயே கேட்டார். ஐம்பது ஆண்டுகளில் மறவாமல் அவர் காத்து வைத்திருந்த தமிழ்ச் சொற்களுள் அதுவும் ஒன்று. எங்கள் கண்கள் கலங்கின.

அன்று இரவே அந்தக் கேள்வி வந்தது.

அந்நாட்டு வழக்கப்படி மாலை ஏழு மணிக்கே இரவு உணவு முடிந்துவிட்டது. அதற்கு 'ஆபெண்ட்ப்ரோட்' என்று பெயர். மாலை ரொட்டி என்பது பொருள். பெயருக்கேற்ப அடுப்பு மூட்டாத உணவு அது. கருநிற ரொட்டித் துண்டுகள், வெண்ணெய், பாலாடைக் கட்டி, பதப்படுத்திய இறைச்சி, ஊறவைத்த வெள்ளரிக்காய், தேநீர், அவ்வளவே. நீண்ட பயணம் செய்து வந்த எங்களுக்குச் சுடச்சுட ஏதேனும் கிடைக்காதா என்றிருந்தது. வாய் திறவாமல் உண்டெழுந்தோம். அப்போது நண்பர் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, "நாளைக் காலைக்கு ஆளுக்கு எத்தனை ரொட்டி வேண்டும்?" என்று கேட்டார். 'ப்ரோட்ஷன்' எனப்படும் சிறு உருண்டை ரொட்டிகளை அவர் விடியற்காலையில் மிதிவண்டியில் சென்று ரொட்டிக் கடையில் வாங்கி வருவாராம்.

"எத்தனையாயினும் சரி" என்றோம்.

"எத்தனையாயினும் என்பது எண் அன்றே!" என்றார், சிரியாமல்.

தயங்கித் தயங்கி, ஆளுக்கு இரண்டு என்றோம். மறுநாள் காலை மேசைமீது சரியாக எட்டு ரொட்டிகள் இருந்தன. ஒன்பதாவது ரொட்டி இல்லை. அவற்றோடு அன்றைய நாளின் அட்டவணையும் இருந்தது. எந்நேரத்துக்கு எந்தப் பேருந்து, எப்போது காப்பி, எப்போது ஓய்வு என அனைத்தும் குறிக்கப்பட்டிருந்தன. அன்றிரவு எங்கள் அறைக் கதவை மூடிக்கொண்டு மெல்லிய குரலில் பேசிக்கொண்டோம். "இவர்கள் நல்லவர்கள்தாம், ஆனால் அன்பையும் அளந்துதான் ஊற்றுகிறார்கள்" என்று எங்களுள் ஒருவர் கூற, மற்றவர் மறுக்கவில்லை.

அன்று சனிக்கிழமை. நண்பர் தம்பதியர் எங்களை மியூன்ஸ்டர் நகருக்கு அழைத்துச் சென்றிருந்தனர். புதன்கிழமையும் சனிக்கிழமையும் அங்குப் பேராலயத்தின் முன்னுள்ள திடலில் சந்தை கூடுகிறது. காய்கறி, பூ, மீன், பாலாடைக் கட்டி, விதவிதமான ரொட்டிகள் என நிறைந்த அச்சந்தையில் குரலெழுப்பி விலை பேசுவார் ஒருவரையும் காணோம். வெஸ்ட்ஃபாலியாவின் புகழ்பெற்ற 'பும்பர்நிக்கல்' என்னும் கரிய ரொட்டியை அங்குதான் கண்டோம். 'ரை' என்னும் தானியத்தைக் கொண்டு செய்யப்படும் அது, குறைந்தது 16 மணி நேரம் அடுப்பில் இருந்தால்தான் அப்பெயருக்கு உரியதாகுமாம். ஜெர்மனியில் 3,000க்கும் மேற்பட்ட ரொட்டி வகைகள் பதிவு செய்யப்பட்டுள்ளன. அந்நாட்டின் ரொட்டி மரபு 2014ஆம் ஆண்டு நாட்டின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டது. சோறு நமக்கு எதுவோ, ரொட்டி அவர்களுக்கு அதுவே எனலாம்.

சந்தைக்கு அருகே புனித லம்பெர்ட் ஆலயம் நிற்கிறது. ஆயர் கிளெமன்ஸ் அவுகுஸ்ட் ஃபொன் காலன் 1941ஆம் ஆண்டு இவ்வாலயத்தின் பிரசங்க மேடையில் நின்றே ஹிட்லரின் ஆட்சியைக் கண்டித்து மறையுரையாற்றினார். மனநோயாளிகளையும் உடல் ஊனமுற்றோரையும் 'பயனற்ற உயிர்கள்' எனப் பட்டியலிட்டு அவ்வரசு இரகசியமாகக் கொன்றுவந்த காலம் அது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்துக்குள் அவ்வாறு கொல்லப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டோர். "உழைக்க இயலாதவனைக் கொல்லலாம் என்றால் முதுமையடையும் நம் ஒவ்வொருவர் கதியும் என்னாகும்?" என்னும் கருத்துப்பட ஆகஸ்டு 3ஆம் நாள் அவர் இடித்துரைத்தார். அம்மறையுரையின் படிகள் நாடெங்கும் கைமாறிப் பரவின. போருக்குப் பின் கர்தினாலாக உயர்த்தப்பட்ட அவருக்கு 2005இல் முத்திப்பேறு பெற்றவர் என்னும் சிறப்பு அளிக்கப்பட்டது. "எங்கள் நாட்டவர் எண்ணுவதில் வல்லவர்கள். அந்த வல்லமையைத் தீமைக்கும் பயன்படுத்தினோம். அதை நாங்கள் மறக்கலாகாது" என்றார் நண்பர், தலை கவிழ்ந்து.

அந்த ஆலயத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதன் கோபுரத்தில் இன்றும் ஒரு காவலர் இருக்கிறார். 1383ஆம் ஆண்டிலேயே ஏட்டில் குறிக்கப்பட்டுள்ள பதவி அது. செவ்வாய் நீங்கலாக ஒவ்வோர் இரவும் 300 படிகள் ஏறிச் சென்று, ஒன்பது மணி முதல் நள்ளிரவு வரை அரைமணிக்கு ஒருமுறை கொம்பு ஊதுவது அவர் பணி. பண்டைக்காலத்தில் எங்கேனும் தீப்பற்றினால் ஊரை எழுப்புவதற்கென ஏற்பட்டது. 2014 முதல் அப்பணியை ஆற்றி வருபவர் ஒரு பெண்மணி. அன்றிரவு ஒன்பது மணிக்குத் தெருவில் நின்று அக்கொம்போசையைக் கேட்டோம். பெரிய ஓசை அன்று, 'ஊரே, உறங்கு, ஒருவர் விழித்திருக்கிறார்' என்று கூறுவதைப் போன்ற தாழ்ந்த ஒலி.

மறுநாள் ஞாயிறு. திருப்பலி முடிந்து வந்ததும், சும்மா இருப்பானேன் என்று சமையலறையில் சேர்ந்திருந்த காலிக் கண்ணாடிக் குப்பிகளைத் தெருக்கோடியில் உள்ள குப்பித் தொட்டியில் போட எடுத்துச் சென்றோம். முதல் குப்பி உள்ளே விழுந்து உடைந்த ஓசை அடங்குமுன் வழியே சென்ற பெரியவர் ஒருவர் நின்று, விரலை உயர்த்தி, "இன்று ஞாயிறு!" என்றார். வெட்கத்தோடு எஞ்சிய குப்பிகளைச் சுமந்துகொண்டு திரும்பினோம். அந்நாட்டில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். புல்வெட்டும் இயந்திரம் ஓடக்கூடாது. சுவரில் ஆணி அடிக்கலாகாது. ஞாயிறும் திருநாள்களும் வேலையினின்று ஓய்வதற்கும் உள்ளம் உயர்வதற்கும் உரிய நாள்கள் என்று 1919ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே எழுதி, 1949ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதை அப்படியே சேர்த்துக்கொண்டார்களாம். எண்ணிக் கொடுப்பவர்கள் ஓய்வையும் எண்ணி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று நகைத்துக்கொண்டோம்.

அன்று பிற்பகல் மூன்றரை மணிக்குக் காப்பியும் ஆப்பிள் அடையும். ஞாயிறு பிற்பகலில் இப்படி ஒன்றாக அமர்வது அவ்வூர் வீடுகளின் வழக்கம். எதிர்வீட்டு மூதாட்டியும் வந்திருந்தார். வயது 86, கணவரை இழந்தவர், ஒரே மகன் தொலைவிலுள்ள மியூனிக் நகரில். நாற்பது ஆண்டுகளாக எதிரெதிரே வாழ்ந்தும், நண்பரும் மூதாட்டியும் ஒருவரையொருவர் 'ஸீ' என்னும் மரியாதைச் சொல்லால்தான் அழைத்தனர். நம் மொழியில் 'நீங்கள்' என்பதற்கு நிகரான சொல் அது. நாற்பது ஆண்டுகளில் நம்மூரில் 'அக்கா', 'அத்தை' ஆகியிருக்க மாட்டார்களா என்று எண்ணினோம்.

பேச்சு ரொட்டியின்மீது திரும்பியபோது மூதாட்டி தம் இளமைக் காலத்தைக் கூறலானார். நண்பரின் துணைவியார் அதை எங்களுக்கு ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார்.

"1946-47 குளிர்காலத்தில் எனக்கு ஒன்பது வயது. போர் முடிந்துவிட்டது, ஆனால் உணவு இல்லை, நிலக்கரியும் இல்லை. அந்தக் குளிர்காலத்துக்குப் 'பசிக் குளிர்காலம்' என்றே பெயர். நாங்கள் ஐந்து பிள்ளைகள், நான்தான் கடைசி. அம்மா ரொட்டியை எடுத்ததும் வெட்டமாட்டார். முதலில் கத்தி முனையால் ஐந்து கோடுகள் கீறுவார். எங்கள் எல்லோரையும் அக்கோடுகளைப் பார்க்கச் சொல்வார். பிறகுதான் வெட்டுவார். பெரியவன் பசியால் கூடுதலாக எடுத்துவிட்டால் கடைசிப் பிள்ளைக்கு இல்லாமல் போய்விடும் அல்லவா? அம்மா எண்ணியதால்தான் நான் உயிரோடிருக்கிறேன்."

அக்காலத்தில் மக்கள் இரயில் வண்டிகளில் ஏறி நிலக்கரியைத் திருடினார்களாம். 1946ஆம் ஆண்டின் இறுதி நாளன்று கொலோன் நகரின் கர்தினால் யோசேப் ஃப்ரிங்ஸ், உயிர் வாழ இன்றியமையாததை உழைத்தோ கேட்டோ பெற வழியில்லாதபோது எடுத்துக்கொள்வது தகும் எனத் தம் மறையுரையில் கூறினார். உடனே மக்கள் அவர் பெயரையே வினைச்சொல்லாக்கி, 'ஃப்ரிங்ஸன்' என்றால் 'தேவைக்கென எடுத்தல்' என வழங்கலாயினர். இதைச் சொல்லி மூதாட்டி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "என் அண்ணனும் எவ்வளவோ 'ஃப்ரிங்ஸன்' செய்தான்!" என்றார். நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்த ஐந்து கோடுகள் எங்கள் நெஞ்சிலும் கீறப்பட்டுவிட்டன.

ஐந்து நாள்கள் கழிந்தன. 27ஆம் நாள், வெள்ளிக்கிழமை காலை. அங்கு வீட்டுச் சன்னல்களின் வெளிப்புறத்தில், நம்மூர்க் கடைகளின் ஷட்டரைப் போல மேலிருந்து கீழே இறங்கும் மறைப்புகள் உண்டு; இரவில் இறக்கி, காலையில் ஏற்றுவார்கள். எங்கள் நண்பர் தினமும் காலையில் ரொட்டிகளை மேசைமீது வைத்ததும் சமையலறைச் சன்னல் வழியே ஒரு கணம் தெருவைப் பார்ப்பார். வானிலையைப் பார்க்கிறார் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அன்று பார்த்தவர் திரும்பவில்லை. கடிகாரத்தை நோக்கினார். எட்டேகால். எதிர்வீட்டு ஷட்டர் இறங்கியே இருந்தது.

தொலைபேசியில் அழைத்தார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேறொரு சொல்லும் சொல்லாமல், கதவருகே ஆணியில் தொங்கிய சாவி ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினார். 77 வயதுடையவர் அவ்வளவு விரைந்து ஓடுவதை நாங்கள் கண்டதில்லை. அது எதிர்வீட்டுச் சாவி. மூதாட்டி குளியலறைத் தரையில் விழுந்து கிடந்தார். விடியுமுன் எழுந்தவருக்கு இடுப்பெலும்பு முறிந்து, நகரவும் இயலாமல், குளிர்ந்த தரையில் மணிக்கணக்காகக் கிடந்திருக்கிறார். நண்பர் 112 என்னும் அவசர எண்ணை அழைத்தார். சில நிமிடங்களில் வண்டி வந்தது.

தூக்குப் படுக்கையில் கிடத்தி வெளியே கொணர்ந்தபோது மூதாட்டி நண்பரின் கையைப் பற்றிக்கொண்டு ஏதோ கூறினார். என்ன சொன்னார் எனப் பின்னர் கேட்டோம். "எட்டேகாலுக்கு நீங்கள் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும், அதுவரை பொறுத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கிடந்தேன்" என்றாராம்.

வாசகர்களே, அக்கணத்தில் நாங்கள் எங்களையே நோக்கி நாணினோம். நாற்பது ஆண்டுகளாக அவர்களுக்கிடையே மரியாதைச் சொல் மாறவில்லை. ஆனால் சாவி கைமாறியிருந்தது. ஒவ்வொரு காலையும் ஒரே நேரத்தில் ஏற்றப்படும் ஷட்டர், ஒவ்வொரு காலையும் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கும் கண்கள் என இரண்டும் கணக்குப் பிசகாமல் இருந்ததால்தான், பிசகிய அன்று உடனே தெரிந்தது. நேரத்தைக் கணக்கிடாத எங்கள் வீட்டில் இப்படி நேர்ந்திருந்தால் எத்தனை மணிக்கு யார் கவனித்திருப்பார்கள்?

மகன் மறுநாள் வந்து சேர்ந்தார். அறுவை மருத்துவம் நலமாக முடிந்தது. நவம்பர் முதல் நாள், புனிதர் அனைவர் திருநாள், அப்பகுதியில் அரசு விடுமுறை. கல்லறைகளைத் தூய்மைப்படுத்தி விளக்கேற்றும் நாள். நமக்கு மறுநாள் வரும் கல்லறைத் திருநாளை ஒத்தது. அங்கு ஒவ்வொரு கல்லறையும் ஒரு சிறு தோட்டம். கல்லறை இடம் என்றென்றைக்கும் உரியதன்று. இருபது முப்பது ஆண்டுகளுக்கே உரிமை. விரும்பினால் பணம் செலுத்திப் புதுப்பிக்கலாம். மூதாட்டி தம் கணவரின் கல்லறைக்கு அவ்வாறு புதுப்பித்தவர். மருத்துவமனையில் படுத்தவாறே நண்பரிடம் ஒரு தாளைக் கொடுத்திருந்தார். நடுங்கும் எழுத்தில் இவ்வளவே இருந்தது: பூச்செடி இரண்டு, சிவப்பு விளக்கு ஒன்று, இலைகளை வாருதல்.

நாங்கள் நால்வரும் சென்றோம். நண்பரின் துணைவியார் செடிகளை நட்டார்; நாங்கள் உதிர்ந்த இலைகளை வாரினோம்; நண்பர் விளக்கை ஏற்றினார். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கியது. ஒவ்வொரு கல்லறைமீதும் ஒரு சிவப்பு விளக்காக, கல்லறைத் தோட்டம் முழுவதும் சுடர்கள் ஒளிர்ந்தன. நாங்கள் பார்த்த வரையில் விளக்கின்றி விடப்பட்ட கல்லறைகளும் சில இருந்தன. நண்பர் தம் பையிலிருந்து மேலும் இரண்டு விளக்குகளை எடுத்து, யாரும் வராத இரு கல்லறைகளில் வைத்தார். "ஒவ்வோர் ஆண்டும் இரண்டு கூடுதலாக வாங்குவேன்" என்றார். ஒன்பதாவது ரொட்டி எங்கே இருக்கிறது என்று அப்போது கண்டோம்.

அனைத்தும் அங்கு நிறைவே என்று நாங்கள் கூற வரவில்லை. 86 வயதில் ஓர் அம்மையார் தன்னந்தனியே வாழ்வதும், மகனைத் தொலைபேசியில் மட்டும் கேட்பதும் துயரமே. முன்னறிவிப்பின்றிக் கதவைத் தட்டி, "ஒரு வாய் காப்பி கொடுங்கள்" என்று உரிமையோடு நுழையும் நம் வழக்கத்தை எதற்காகவும் நாம் இழக்கலாகாது. ஆனால் நம் நிலை மட்டும் என்ன? எங்கள் பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். நம் பங்கில் எத்தனை வீடுகளில் முதியோர் இருவராக, பின்னர் ஒருவராக, கதவைத் தாழிட்டுக்கொண்டு வாழ்கின்றனர்! 'நம்மூரில் அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்தப் பக்கத்தார்? எத்தனை மணிக்கு? எல்லாரும் பார்ப்பார்கள் என்றிருந்தால் ஒருவரும் பாராமற்போவதும் உண்டு.

புறப்பட்ட நாளுக்கு முன்னிரவு நண்பர் மீண்டும் தாளும் பென்சிலுமாக வந்தார். "வழிக்கு எத்தனை ரொட்டி?"

"மூன்று" என்றோம், தயங்காமல். அவர் முதன்முறையாகச் சிரித்தார். "ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் உங்கள் வீட்டில் எத்தனை தோசை என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. ஏழு தின்றுவிட்டு இரவெல்லாம் வயிற்றுவலியால் துடித்தேன்" என்றார். நாங்கள் அறியாத செய்தி அது!

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டாரிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்றைக் கொடுத்தோம். அவர்கள் சாவியும் இப்போது எங்களிடம் உள்ளது. காலையில் வாயிற்கதவில் மாட்டியிருக்கும் பால் பை ஏழு மணிக்குமேல் எடுக்கப்படாமல் தொங்கினால், கேட்காமலே கதவைத் திறந்து வருவது என்று பேசிக்கொண்டுள்ளோம். முதலில் அவர்கள் சிரித்தார்கள். இப்போது, தினமும் ஏழு மணிக்கு அவ்வீட்டுப் பெரியவர் பல் துலக்கியவாறே எங்கள் வாயிலை எட்டிப் பார்ப்பதைக் காண்கின்றோம். நாங்களும் அவர்கள் வாயிலைப் பார்க்கின்றோம்.

உங்கள் தெருவில் தனித்து வாழ்பவர் எத்தனை பேர்? ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.